பிளம்ஸுக்குத் தோண்டிய குழியில் எதை நடுவது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற முருங்கை வேரோடு சாய்ந்தது. முருங்கை சாய்வது செய்தியே இல்லை. அதன் கட்டை அவ்வளவுதான். நாலைந்து நாளில் தண்ணீர் வடிந்து, கிளைகளை வெட்டி அப்புறப்படுத்திய பிறகு பார்த்தால், 12 அடிக்கு 20 அடி இடம் வெயில் கொட்டும்படி காலியாகக் கிடந்தது. ஒரு மரத்துக்குத் தாராளம். இரண்டு வைத்தால் இரண்டும் தேறாது.

பிளம்ஸ் வை என்று முதலில் சொன்னவன் என் தம்பி. அவன் அமெரிக்காவில், கடுங்குளிருக்குப் பேர்போன மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறான். அவன் வீட்டுப் பின்புறத்தில் இரண்டு பிளம்ஸ் மரங்கள் உண்டு; ஆகஸ்டு வந்தால் வாளி வாளியாகப் பறித்துப் படம் அனுப்புவான். “அக்கா, மைனஸ் முப்பதிலேயே சாகாத மரம் நம் ஊர் வெயிலிலா சாகப்போகிறது?” என்று கேட்டான். கேட்டபோது நியாயமாகத்தான் இருந்தது. ஆள் வைத்துக் குழியும் தோண்டிவிட்டேன். அந்தக் குழி எட்டு மாதம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்ததற்கும், கடைசியில் அதில் வேறொன்று போனதற்கும் காரணம் இந்தக் கேள்விதான். கேள்வி தலைகீழாக இருந்தது. அது எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதில் நமக்கு ஒன்றும் இல்லை. அதற்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்பதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

தம்பியின் மரங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவனும் ஒரு ஒப்பீடு செய்துதான் வாங்கினான். அந்தக் குளிர்நாட்டில் வீட்டுத் தோட்டக்காரருக்கு இரண்டு வழிகள். ஒன்று, ஐரோப்பிய வகை. அதில் குளிர் தாங்குவதற்குப் பெயர்பெற்றது கியூபெக்கிலிருந்து வந்த ‘மவுண்ட் ராயல்’. நீல நிறப் பழம், தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஒற்றை மரம் போதும். மற்றொன்று, அமெரிக்கக் காட்டு பிளம்ஸின் உறுதியையும் ஜப்பானிய பிளம்ஸின் பருமனையும் சேர்த்த கலப்பினங்கள். மினசோட்டா பல்கலைக்கழகம் 1933-இல் வெளியிட்ட ‘சுப்பீரியர்’ அந்த வகை. பழம் பெரிது, சாறு வழியும். ஆனால் பக்கத்தில் வேறொரு மரத்தின் மகரந்தம் இல்லாவிட்டால் காய் நிற்காது. அதற்காகவே 1911-இல் தெற்கு டகோட்டாவில் நீல்ஸ் ஹேன்சன் உருவாக்கிய ‘டோக்கா’வைத் துணைக்கு வைப்பார்கள். சுவைக்காகத் தம்பி இரண்டாவது வழியைப் பிடித்தான். அப்படியும் ஒரு வசந்தத்தில் மரம் முழுக்கப் பூத்து நின்றபோது பிந்திய உறைபனி ஒரே இரவில் அத்தனை பூவையும் கருக்கிவிட்டது. கட்டை மைனஸ் முப்பதைத் தாங்கும், விரிந்த பூ மைனஸ் மூன்றைத் தாங்காது. அங்கேயும் அது செல்லப்பிள்ளைதான்.

இனி நம் ஊர்க் கதை. பிளம்ஸ் மரம் இலையுதிர்த்து உறங்கப் போகும்போது மொட்டுகளைப் பூட்டிவிட்டுப் போகிறது. சாவி குளிரில் இருக்கிறது. 0 டிகிரிக்கும் 7 டிகிரிக்கும் இடைப்பட்ட குளிரில் இத்தனை மணி நேரம் கழிந்தால்தான் பூட்டு திறக்கும் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பிய ரகங்கள் பலவற்றுக்கு 700 முதல் 1,000 மணி நேரம் வேண்டும். 700 மணி என்பது இரவு பகல் இடைவிடாமல் 29 நாள். உறைநிலைக்குக் கீழே போன நேரம் இந்தக் கணக்கில் சேர்வதில்லை என்பது வேடிக்கை. தம்பி ஊரில் ஜனவரியின் கடுங்குளிர் மரத்துக்குச் சோதனை மட்டுமே, சாவி கிடைப்பது அதற்கு முன்னும் பின்னும் வரும் இளங்குளிரில். கடலூரிலும் புதுச்சேரியிலும் மார்கழி விடியற்காலையில் நாம் மப்ளர் சுற்றிக்கொண்டு கோலம் போடும்போது வெப்பமானி சுமார் 20 டிகிரி காட்டும். ஆண்டு முழுக்கக் கூட்டினாலும் நம் கணக்கில் விழுவது பூஜ்யம் மணி.

சாவி கிடைக்காத மரம் உடனே சாகாது, அதுதான் தொல்லை. இலை ஒரு கிளையில் வரும், ஒரு கிளையில் வராது. மொட்டு காய்ந்து உதிரும். வாங்கியவர் உரம் போதவில்லை என்று நினைத்து உரம் போடுவார், தண்ணீர் போதவில்லை என்று தண்ணீர் ஊற்றுவார். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நர்சரியில் ‘பிளம்ஸ், எல்லா ஊருக்கும் ஏற்றது’ என்று அட்டை தொங்கிய கன்றை 450 ரூபாய்க்கு வாங்கி, மாடித் தொட்டியில் மூன்று ஆண்டுகள் சீராட்டினேன். ஒரு பூ இல்லை. நான்காம் கோடையில் அது தானாகவே விடைபெற்றது. அப்போது தவறு என் கைராசியில் என்று நம்பினேன்.

வேருக்கு ஐஸ் கட்டி போட்டால் என்ன என்று என் மகன் கேட்டான். பலரும் கேட்பதுதான். அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த ஃபிரெடரிக் கோவில் என்பவர் 1920-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு அழகான விடை இருக்கிறது. கதகதப்பான கண்ணாடி வீட்டுக்குள் வளர்ந்த புளூபெர்ரிச் செடியின் ஒரு கிளையை மட்டும் கண்ணாடித் துளை வழியாக வெளியே குளிரில் நீட்டி வைத்தார். வசந்தம் வந்ததும் வெளியே இருந்த கிளை தளிர்த்தது. அதே செடியின் உள்ளே இருந்த பகுதி உறக்கத்திலேயே கிடந்தது. குளிரை உணர்வது அந்தந்த மொட்டு. வேர் செய்தி அனுப்புவதில்லை. ஏசி அறையில் வைக்கலாமே என்று அடுத்த கேள்வி வந்தது. ஏசியின் அடிமட்டம் 16 டிகிரி. மின்கட்டணத்தை நினைத்துப் பார்த்தால் கொடைக்கானலில் ஒரு தோட்டமே குத்தகைக்கு எடுக்கலாம்.

கொடைக்கானல் என்றதும் இரண்டாவது வாய்ப்பு வந்துவிடுகிறது: நம் மாநிலத்திலேயே காய்க்கும் பிளம்ஸை இங்கே கொண்டுவந்தால்? மே, ஜூன் மாதங்களில் நம் பழக்கடைகளுக்கு வரும் செம்பழங்களில் மலைப் பழமும் உண்டு. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் ரூபியோ, ஹேல், கவியோட்டா போன்ற ரகங்களை பீச் வேர்க்கன்றில் ஒட்டி நடுகிறார்கள். இவை ஜப்பானிய வழி வந்தவை; ஐரோப்பிய ரகங்களைவிடக் குறைந்த குளிரில் திருப்தி அடைபவை. ஆனால் அவை நிற்பது 1,500 மீட்டருக்கு மேல். கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டர் உயரம். மஞ்சக்குப்பத்தின் உயரத்தை மீட்டரில் சொல்லக் கை விரல்கள் போதும். ஃபுளோரிடா பல்கலைக்கழகம் வெப்பப் பகுதிக்கென்றே உருவாக்கிய ‘கல்ஃப்’ ரகங்களுக்குக்கூட 250 மணி நேரம் போலத் தேவைப்படுகிறது. பத்து நாள் குளிர்தான், ஆனால் நம்மிடம் பத்து நிமிடம்கூட இல்லை. தம்பியிடமிருந்து கன்று வரவழைப்பதென்றால் 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தடைக்காப்பு ஆணையின்படி இறக்குமதி அனுமதி, நோயின்மைச் சான்று என்று ஒரு தனி யாத்திரை. கொட்டையைப் பையில் போட்டு வந்தாலும் சட்டம் சட்டம்தான். ஆக பிளம்ஸ் என்ற பெயரில் எது வந்தாலும் கடற்கரையோரத்தில் வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

பிளம்ஸ் இல்லையென்றால் பிளம்ஸ் போல எது? ஆங்கிலேயர்கள் நம் பக்கத்தில் பார்த்த பழத்துக்கெல்லாம் பிளம் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். நாவல் அவர்களுக்கு ஜாவா பிளம், இலந்தை இந்திய பிளம், சொத்தைக்களா கவர்னர் பிளம். நாட்டு மருந்துக் கடையில் ஆல்பக்கோடா என்று கேட்டால் கிடைக்கும் உலர்ந்த பழம் மட்டுமே நிஜ பிளம்ஸ். பாரசீகத்தில் ஆலூ என்றால் பிளம்ஸ், புகாரா ஊர்ப்பெயர், இரண்டும் சேர்ந்து நம் வாயில் ஆல்பக்கோடா ஆகிவிட்டது. இந்தப் போலி பிளம்ஸ்களில்தான் என் உண்மையான தேர்வு நடந்தது.

நாவல்தான் மனத்துக்கு முதலில் பிடித்தது. பண்ருட்டியைத் தாண்டினால் திருநாவலூர். சுந்தரர் பிறந்த ஊருக்கே மரத்தின் பெயர், கோயிலின் தல விருட்சமும் அதுதான். திருப்பாதிரிப்புலியூர்க்காரர்களுக்கு ஊர்ப்பெயரில் மரம் இருப்பது புதிதில்லை. இந்த மண்ணுக்கு நாவலைவிடப் பொருத்தமான மரம் அரிது. சில நாள் தண்ணீர் தேங்கினாலும் பொறுக்கும், கோடையில் மறந்துவிட்டாலும் கோபிக்காது. விதைக்கன்று காய்க்க எட்டுப் பத்து ஆண்டு ஆகும். ஒட்டுக்கன்று என்றால் நான்கைந்து ஆண்டில் கண்ணில் காட்டும். கொங்கண் பகடோலி ரகத்தின் பழத்தைச் சாப்பிட்டவர்கள் சாதாரண நாவலைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இருந்தும் நான் வைக்கவில்லை. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் பாய் விரித்தாற்போலப் படுத்துவிட்டன. எங்கள் அடுத்த வீட்டு நாவல் சாயவில்லை. பெருங்கிளை ஒன்று முறிந்து எங்கள் குளியலறைக் கூரையில் இறங்கியது. நாவல் கட்டை பார்க்க வலுவாக இருந்தாலும் கிளை மொறமொறப்பு. ஆனியில் பழம் உதிரும்போது சிமெண்டுத் தரை, துவைத்துப் போட்ட வேட்டி, பார்க்க வந்த உறவினர் எல்லோருக்கும் ஒரே நிறம். இரவில் வௌவால் வேறு. முதலிலிருந்தே கவாத்து செய்து பதினைந்து அடிக்குள் அடக்கலாம் என்கிறார்கள். ஆண்டு தவறாமல் ஏணி ஏறும் ஒழுக்கம் என்னிடம் இல்லை. கேப்பர் மலைப் பக்கமோ ஆரோவில் பக்கமோ செம்மண்ணில் கால் கிரவுண்டு காலியாக வைத்திருப்பவருக்கு என் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு நாவலுக்கே. சுற்றுச்சுவருக்கு ஆறடி தள்ளி மரம் வைக்க முடியாதவர்கள் ஆசைப்பட வேண்டாம்.

சொத்தைக்களாவை ஒரு வாரம் யோசித்தேன். செம்மண் காடுகளில் தானாக வளரும் செடி, நிறமும் புளிப்பும் கிட்டத்தட்ட பிளம்ஸையே நினைவூட்டும். ஆனால் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதைக்கன்று வாங்கினால் பூக்கும்வரை எதுவென்று தெரியாது. ஒற்றைக் குழி வைத்திருப்பவர் சீட்டாட்டம் ஆட வேண்டியதில்லை.

களாக்காய் மரமல்ல, வேலி. அதை மரத்துடன் ஒப்பிடுவது நியாயம் இல்லைதான். ஆனால் கொல்லையில் மரத்துக்கு இடமே இல்லாதவருக்கு அதுவே முதல் பரிந்துரை. உப்புக் காற்றுக்கும் வறட்சிக்கும் அஞ்சாது, இரட்டை முள் ஆட்டையும் அண்டவிடாது, பிஞ்சில் ஊறுகாய், பழுத்தால் ஜாம். நம் ஊர் பேக்கரிகளில் கிறிஸ்துமஸுக்கு வரும் பிளம் கேக்கில் பிளம்ஸ் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் உலர்திராட்சையைத்தான் பிளம் என்றார்கள். அந்தக் கேக்கின்மேல் சிவப்பாக உட்கார்ந்திருக்கும் செர்ரியும் பெரும்பாலும் செர்ரி அல்ல, சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயம் ஏறிய களாக்காய். புதுச்சேரிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கேக் நன்றாகத்தான் இருக்கிறது. என் வீட்டின் தெற்குச் சுவரோரம் ஐந்து களாக் கன்றுகள் இப்போது இடுப்பளவு நிற்கின்றன.

குழிக்குப் போனது இலந்தை. ஒட்டு இலந்தை, ஆப்பிள் இலந்தை என்று விற்பார்களே, அது.

முதலில் எனக்கு அதில் மதிப்பு இருந்ததில்லை. இலந்தை என்றால் பள்ளிக்கூட வாசலில் உப்பு மிளகாய்த்தூளுடன் விற்றது, அல்லது இலந்தை வடை. மனத்தை மாற்றியது அந்த மரம் உறங்கும் விதம். பிளம்ஸைப் போலவே இலந்தையும் இலையுதிர்த்து ஓய்வெடுக்கும். ஆனால் குளிரில் அல்ல, கோடைக் காய்ச்சலில். அதை எழுப்ப 700 மணி நேரக் குளிர் தேவையில்லை. ஒரு கத்தரியும் நாலு குடம் தண்ணீரும் போதும். மாசி, பங்குனியில் பழம் ஓய்ந்ததும் போன ஆண்டுக் கிளைகளைச் சில கணுக்கள் மட்டும் விட்டு வெட்டிவிட வேண்டும். வெட்டும்போது பாவம் பார்த்தால் மரம் பழிவாங்கும், ஏனென்றால் இலந்தை காய்ப்பது அந்த ஆண்டு புதிதாக வந்த போத்தில்தான். பழைய கிளை எத்தனை இருந்தாலும் நிழலுக்கு மட்டுமே உதவும். ஆண்டுதோறும் இப்படி வெட்டுவதால் மரம் எட்டுப் பத்து அடியிலேயே நிற்கிறது. புயல் காற்றுக்குப் பிடி கொடுக்கும் தலைக்கனம் அதற்கு இல்லை. நாவலிடம் எனக்குப் பிடிக்காத ஏணி வேலை இங்கே தரையில் நின்றபடி முடிந்துவிடுகிறது.

இன்னொரு காரணம் தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் வேனிலில் வாயில் வைத்தாலே உவர்க்கும். கடற்கரைக்கு அருகில் இருப்பவர்கள் எல்லோருடைய கதையும் இதுதான். பிளம்ஸ் இனமே உப்புக்குச் சுருண்டுவிடும். பழமரங்களில் உவரைப் பொறுப்பதில் இலந்தை முன்வரிசை. நட்ட மறு ஆண்டே நாலைந்து பழம் காட்டிவிடுகிறது என்பதை வயதான தாயாரை வீட்டில் வைத்திருப்பவர்கள் சிறிதாக நினைக்க மாட்டார்கள்.

குறைகளை மறைக்கக் கூடாது. காய் பிடிக்கும் பருவத்தில்தான் நம் ஐப்பசி கார்த்திகை மழை வருகிறது. மழை விட்டுப் பனி இறங்கும்போது காயின்மேல் மாவு பூசியதுபோலச் சாம்பல் நோய் படரும். நனையும் கந்தகத்தைத் தண்ணீரில் கலந்து காலையில் தெளித்தால் அடங்குகிறது. பழ ஈ அதைவிடக் கேடு. உதிர்ந்த பழத்தை அன்றாடம் பொறுக்கி அப்புறப்படுத்தி, கோடையில் மரத்தடி மண்ணைக் கிளறிக் கூட்டுப்புழுவை வெயிலில் காட்டினால் பாதி குறையும். மீதியுடன் ஒத்துவாழ வேண்டியதுதான். பல ரகங்களுக்குத் தன் மகரந்தம் போதாது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் நாட்டு இலந்தை இருப்பதால் எனக்குக் கவலை இல்லை. இல்லாதவர்கள் வேறு ரகத்தின் ஒரு கிளையை அதே மரத்தில் ஒட்டுக் கட்டிக்கொள்ளலாம். சுவையைப் பற்றி உண்மையைச் சொன்னால், அந்தப் பழம் பிளம்ஸ் இல்லை. கடித்தால் மொறுமொறுப்பாக, லேசான இனிப்பாக, ஆப்பிளும் பேரிக்காயும் பேசி வைத்துக்கொண்டதுபோல இருக்கும். சாறு முழங்கையில் வழியும் அந்த இன்பம் வேண்டுமென்றால் மே மாதம் பழக்கடைக்குத்தான் போக வேண்டும், நான் போகிறேன்.

நட்டது 2025 ஆடியில். மாலை இடிமழை தொடங்கும் காலம். ஐப்பசிப் பெருமழைக்கு முன் வேர் பிடித்துக்கொள்ள மூன்று மாதம் கிடைக்கும். பிளம்ஸுக்கென்று தோண்டிய குழியைச் செம்மண், தொழு உரம், இரண்டு கை வேப்பம்பிண்ணாக்கு போட்டு மூடி, அதன்மேல் ஒன்றரை அடி மேடு கட்டி, மேட்டின் உச்சியில் வைத்தேன். வளர்ந்த இலந்தை தண்ணீர் தேங்கினாலும் சமாளிக்கும், புதுக் கன்று சமாளிக்காது. ஒட்டுக் கட்டிய முடிச்சு, அதாவது அடியில் இருக்கும் காட்டு இலந்தையும் மேலே இருக்கும் நல்ல ரகமும் சேரும் இடம், மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரிய வேண்டும். என் அக்கா புதுச்சேரி லாஸ்பேட்டை வீட்டில் முடிச்சை மண்ணில் புதைத்துவிட்டாள். கீழிருந்து காட்டுப் போத்து கிளம்பி மேலே இருந்த நல்ல ரகத்தை இரண்டே ஆண்டில் விழுங்கிவிட்டது. இப்போது அவளிடம் இருப்பது ஆளுயர முள்ளும் சுண்டைக்காய் அளவுப் பழமும். அவளுடைய பேரப் பிள்ளைகளுக்கு என்னவோ அந்தப் புளிப்புப் பழம்தான் பிடித்திருக்கிறது.

நேற்றுக் காலை என் கன்றிலும் முடிச்சுக்குக் கீழே அப்படி ஒரு போத்து, விரல் நீளம், இலை சிறுத்து, முள் இப்போதே கூர்மையாக. நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டுத் தம்பிக்குப் படம் அனுப்பினேன். அங்கே மரம் உறைபனியில் மொட்டையாக நிற்கிறதாம். “எப்போது காய்க்கும் அக்கா?” என்று கேட்டிருக்கிறான்.